ஸ்கிரிப்ட் தோற்றால் தோற்றதாகவே சொல்ல வேண்டும்: லினக்ஸ், மேக், விண்டோஸில் எக்ஸிட் கோடைச் சரிசெய்யும் வழி

மூன்று வாரமாக ஒரு பேக்கப்கூட எடுக்கப்படவில்லை. மூன்று வாரமும் என் திரையில் பச்சை டிக்தான் வந்துகொண்டிருந்தது.

நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில் டேட்டாபேஸ் பேக்கப்புக்காகப் பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். என் விண்டோஸ் லேப்டாப்பில் தப்பான பாஸ்வேர்டு கொடுத்துச் சோதித்தேன். தோல்வி என்று ஒழுங்காகச் சொன்னது. அதே ஃபைலை லினக்ஸ் சர்வரில் போட்டேன். அங்கே டிஸ்க் நிரம்பி, பேக்கப் தோற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கட்டளையும் ஸ்கிரிப்டும் முடியும்போது ஒரு எண்ணைத் திருப்பித் தரும்; அதுதான் எக்ஸிட் கோடு. என் ஸ்கிரிப்டோ தினமும் 0 என்று, அதாவது வெற்றி என்று, சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு டேபிள் அழிந்துபோய் பழைய நகலைத் தேடிய அன்றுதான் விஷயம் தெரிந்தது. காகித பில்களை வைத்துக்கொண்டு நான்கு பேர் இரண்டு இரவு உட்கார்ந்து தகவல்களை மறுபடி ஏற்றினோம்.

காரணம் ஒரே ஒரு வரி. அது 7ஆம் படியில் வருகிறது. வேறு யாரும் அந்த இரண்டு இரவை உட்கார்ந்து கழிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே ஒலிப்படி தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளைப் போடுங்கள். குறியீடுகளை அப்படியே போடலாம்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பட்டியல்களை எழுதி வையுங்கள். ஒரு பக்கம் போதும்.

முதல் பட்டியல், ஸ்கிரிப்ட் எந்தெந்த இயந்திரத்தில், எந்த ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) ஓடுகிறது என்பது. "லினக்ஸ்" என்று மட்டும் எழுதினால் போதாது. உபுண்டுவிலும் டெபியனிலும் எஸ்எச் என்ற பெயரில் இருப்பது பேஷ் அல்ல, டேஷ். ஆல்பைனில் பேஷே முதலில் இருக்காது. மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து டெர்மினல் திறப்பது இசட்ஷெல். உள்ளே இருக்கும் பேஷ் பழைய 3.2. விண்டோஸில் பவர்ஷெல் 5.1ஆ, 7ஆ என்று பார்த்து எழுதுங்கள்.

இரண்டாவது, ஸ்கிரிப்டை யார் கூப்பிடுகிறார் என்பது. லினக்ஸில் குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானா, விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலரா, கிட்ஹப் தன் இயந்திரங்களில் ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸா, இன்னொரு ஸ்கிரிப்டா? எண்ணைத் திருப்பித் தருவது அவருக்காகத்தான்.

மூன்றாவது, ஸ்கிரிப்ட் உள்ளே கூப்பிடும் ஒவ்வொரு கருவியும் எந்த எண்ணுக்கு என்ன பொருள் வைத்திருக்கிறது என்பது. லினக்ஸில் அந்தக் கருவியின் மேன் பக்கத்தில் (அதன் உதவிக் கையேடு) "எக்ஸிட் ஸ்டேட்டஸ்" என்ற பகுதியைப் பாருங்கள். இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். 0 அல்லாத எல்லாமே தோல்வி என்று நினைப்பதுதான் புதியவர்களின் முதல் சறுக்கல். க்ரெப் தேடியது கிடைக்காவிட்டால் 1 தரும். உண்மையான பிழை என்றால் 2. டிஃப்பும் அப்படியே: வித்தியாசம் இருந்தால் 1, கோளாறு என்றால் 2. விண்டோஸின் ரோபோகாப்பி நகலெடுத்து முடித்துவிட்டு 1 தரும். அதற்கு 8லிருந்துதான் தோல்வி. ஆர்சிங்க் 24 தந்தால், நகலெடுக்கும் நேரத்தில் சில ஃபைல்கள் காணாமல் போயின என்று பொருள்; ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அது சாதாரணம்.

செலவு: கருவிகளுக்குப் பைசா செலவில்லை. பவர்ஷெல் 7 மூன்று இயங்குதளத்திலும் இலவசம், ஷெல் ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக்கும் இலவசம். கையில் எல்லா இயந்திரமும் இல்லாதவர்கள் கிட்ஹப் ஆக்ஷன்ஸில் மூன்றிலும் ஓட்டிப் பார்க்கலாம். பொது ரெப்போ (கோடு வைத்திருக்கும் கிடங்கு) என்றால் வழக்கமான இயந்திரங்களுக்குக் கட்டணமில்லை. தனி ரெப்போவுக்கு இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம். விண்டோஸ் நிமிடம் லினக்ஸ் நிமிடத்தைவிட விலை கூடுதல், மேக் அதைவிடவும் கூடுதல். அதனால் முதலில் லினக்ஸில் ஓட்டிச் சரிசெய்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

நேரம்: நூறு வரி ஸ்கிரிப்டுக்கு அரை நாள். இரண்டு இயங்குதளத்தில் ஓடுவது என்றால் சோதனைக்கு இன்னொரு அரை நாள் தனியாக வையுங்கள்.

2. எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்

லினக்ஸிலும் மேக்கிலும், கட்டளை முடிந்த கையோடு எக்கோ $? என்று அடியுங்கள். விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் எக்கோ %எர்ரர்லெவல்%. பவர்ஷெல்லில் $லாஸ்ட்எக்ஸிட்கோட்.

பவர்ஷெல்லிலும் $? உண்டு. ஆனால் அங்கே அது எண் அல்ல, ட்ரூ அல்லது ஃபால்ஸ். பேஷ் பழகிய கையோடு பவர்ஷெல் எழுதுபவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

$? ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் மாறிவிடும். நடுவில் "முடிந்தது" என்று ஒரு எக்கோ போட்டால், அந்த எக்கோவின் 0தான் மிஞ்சும். எனவே வேண்டிய கட்டளைக்கு அடுத்த வரியிலேயே ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள்: ஆர்சி=$?. அந்த வேரியபிளுக்கு ஸ்டேட்டஸ் என்று பெயர் வைக்காதீர்கள். இசட்ஷெல்லில் அந்தப் பெயர் ஷெல்லுக்கே சொந்தம். மாற்ற விடாது, மேக்கில் உடனே பிழை வரும்.

3. 1லிருந்து 125க்குள் இருங்கள்

லினக்ஸிலும் மேக்கிலும் எக்ஸிட் கோடுக்கு 8 பிட்தான். 0 முதல் 255 வரை. 256 கொடுத்தால் 0 ஆகிவிடும், 257 கொடுத்தால் 1. விண்டோஸில் 32 பிட். அங்கே பெரிய எண்களும் மைனஸ் எண்களும் சகஜம். உதாரணமாக, விண்டோஸ் இன்ஸ்டாலரான எம்எஸ்ஐஎக்ஸெக் தரும் 3010க்கு, இன்ஸ்டால் ஆயிற்று, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று பொருள். அதே 3010ஐ லினக்ஸ் பக்கம் ஒரு ஸ்கிரிப்ட் திருப்பித் தர முயன்றால் 194 என்றுதான் வெளியே தெரியும்.

125க்கு மேற்பட்ட எண்களையும் தொடாதீர்கள். ஃபைல் இருக்கிறது ஆனால் ஓட்ட அனுமதியில்லை என்றால் ஷெல் 126 தரும். கட்டளையே இல்லை என்றால் 127. சிக்னல் (நிறுத்தச் சொல்லி வெளியிலிருந்து வரும் உத்தரவு) வந்து செத்தால் 128உடன் சிக்னல் எண்ணைக் கூட்டித் தரும்: கண்ட்ரோல்-சி அடித்தால் 130, கட்டாயமாகக் கொன்றால் 137, முறையாக நிறுத்தச் சொன்னால் 143. சர்வரில் 137 கண்டால் முதலில் மெமரி தீர்ந்ததா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் வழியாக ஓட்டும்போது தொலைவில் இருக்கும் கட்டளையின் எண்ணே உங்களுக்கு வரும். இணைப்பே கோளாறு என்றால் 255. நீங்களும் 255ஐப் பயன்படுத்தினால் எது எது என்று பிரிக்க முடியாது.

நான் இப்போது ஒரு சிறு அட்டவணை வைத்திருக்கிறேன்: 1 பொதுப் பிழை, 2 தவறான ஆர்கியூமென்ட், 10 டிஸ்க், 11 நெட்வொர்க், 12 டேட்டாபேஸ். ஸ்கிரிப்டின் தலையிலேயே கமெண்டாக எழுதிவிடுகிறேன். ஐந்தாறுக்கு மேல் போனால் யாரும் படிப்பதில்லை.

4. பேஷ்: செட் -ஈ மட்டும் போதாது

இணையத்தில் எல்லோரும் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் -ஈ போடச் சொல்வார்கள். ஒரு கட்டளை தோற்றதும் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும் வரி அது. போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். இஃப் நிபந்தனைக்குள் ஓடும் கட்டளைக்கு அது வேலை செய்யாது. && அல்லது || தொடரில் கடைசியாக இல்லாத கட்டளைக்கும் வேலை செய்யாது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு: ஒரு ஃபங்ஷனை இஃப் உள்ளே கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனின் உள்ளே இருக்கும் எல்லா வரிக்கும் செட் -ஈ அணைந்துவிடும். நடுவில் ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரி ஓடும்.

அடுத்தது பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை | போட்டு அடுத்த கட்டளைக்கு அனுப்புவது. பேக்கப் கட்டளையை டீ என்ற கட்டளைக்கு அனுப்பி லாக் எடுப்பது நம் எல்லோருக்கும் வழக்கம். பைப்பில் கடைசிக் கட்டளையின் எண்தான் வெளியே வரும். பேக்கப் தோற்றிருக்கும், லாக் எழுதிய டீ 0 தந்திருக்கும், முடிவு 0. இதற்கு மருந்து ஒரே வரி:

செட் -ஓ பைப்ஃபெயில்

இது பேஷிலும் இசட்ஷெல்லிலும் உண்டு, மேக்கின் பழைய 3.2 பேஷிலும் உண்டு. ஆனால் நீண்டகாலமாக உபுண்டுவில் வந்துகொண்டிருக்கும் டேஷுக்கு இது தெரியாது. இல்லீகல் ஆப்ஷன் என்று சொல்லி அங்கேயே நின்றுவிடும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பேஷ் என்று எழுதியிருந்தாலும், யாராவது எஸ்எச் ஸ்கிரிப்ட் என்று கூப்பிட்டால் அந்த முதல் வரியை யாரும் பார்ப்பதில்லை. க்ரான் வரியில் இப்படி எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

பைப்ஃபெயில் போட்ட பிறகு ஒரு பக்கவிளைவு வரும். முதல் பத்து வரியை மட்டும் எடுக்க ஹெட் கட்டளைக்கு அனுப்பினால், ஹெட் சீக்கிரம் முடித்துக்கொள்ளும். அதற்கு அனுப்பிக்கொண்டிருந்த கட்டளை, வாங்க ஆளில்லாமல் 141 என்று சாகலாம். அது உண்மையான தோல்வி அல்ல. அந்த ஒரு இடத்தில் மட்டும் எண்ணைப் பிடித்து விதிவிலக்கு கொடுங்கள்.

லோக்கல் வேரியபிள் இன்னொரு குழி. லோக்கல் எக்ஸ்=$(கட்டளை) என்று ஒரே வரியில் எழுதினால், கட்டளை தோற்றாலும் லோக்கல் என்ற சொல் வெற்றி பெற்றதால் 0 வரும். எக்ஸ்போர்ட்டுக்கும் இதே கதை. முதல் வரியில் லோக்கல் எக்ஸ், அடுத்த வரியில் எக்ஸ்=$(கட்டளை) என்று பிரித்து எழுதுங்கள். ஷெல்செக் இதை எஸ்சி2155 என்ற எண்ணில் காட்டிக்கொடுக்கும்.

க்ரெப் போன்றவற்றுக்கு || ட்ரூ போட்டுவிடுவதை நான் எங்கே பார்த்தாலும் அழித்துவிடுவேன். ஃபைலே இல்லை என்ற 2ஐயும் அது விழுங்கிவிடுகிறது. பதிலாக ஆர்சி=0 என்று தொடங்கி, கட்டளைக்குப் பின்னால் || ஆர்சி=$? போட்டு, ஆர்சி 1ஐவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் நிறுத்துங்கள். இரண்டு வரி கூடுகிறது, அவ்வளவுதான்.

கடைசியில் தற்காலிக ஃபைல்களை அழிக்க ட்ராப் (ஸ்கிரிப்ட் முடியும்போது தானாக ஓடும் வரி) வைத்திருந்தால், அதற்குள் எக்ஸிட் 0 எழுதாதீர்கள். ட்ராப்பில் எக்ஸிட் இல்லாதவரை பழைய எண் பத்திரமாக இருக்கும்.

விண்டோஸில் எழுதி லினக்ஸுக்குக் கொண்டுபோகும் ஸ்கிரிப்டுகளில் வரி முடிவையும் பாருங்கள். விண்டோஸ் வரி முடிவோடு இருந்தால் எக்ஸிட் 1 என்ற வரியே "நியூமரிக் ஆர்கியூமென்ட் ரெக்வயர்ட்" என்று திட்டும். கண்ணுக்கு 1 மட்டுமே தெரிவதால் எங்கே தப்பு என்றே புரியாது. டாஸ்2யூனிக்ஸ் கருவி ஒரு நொடியில் சரிசெய்துவிடும்.

5. பேட்ச் ஃபைல்

புதிதாக எழுதுவதென்றால் பவர்ஷெல்லில் எழுதுங்கள். பழைய பேட்ச் ஃபைலை (விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்டில் ஓடும் ஸ்கிரிப்ட்) பராமரிக்க வேண்டியவர்களுக்கு மட்டும் இவை.

எக்ஸிட் 1 என்று எழுதினால் கமாண்ட் ஜன்னலே மூடிக்கொள்ளும். கூப்பிட்ட பேட்ச் ஃபைலும் சேர்ந்து சாகும். எக்ஸிட் /பி 1 என்று எழுதுங்கள்.

இஃப் எர்ரர்லெவல் 1 என்றால் "1க்குச் சமம்" அல்ல, "1 அல்லது அதற்கு மேல்" என்று பொருள். விண்டோஸில் ஒரு புரோகிராம் மெமரிப் பிழையில் விழுந்தால் வரும் எண் -1073741819. மைனஸ் என்பதால் அந்தச் சோதனை அதைப் பிடிக்காது. இஃப் %எர்ரர்லெவல்% நெக் 0 என்று எழுதினால் இரண்டும் மாட்டும்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரிகளில் %எர்ரர்லெவல்% முன்கூட்டியே, அதாவது அந்தத் தொகுதியைப் படிக்கும்போதே, நிரப்பப்பட்டுவிடும். உள்ளே ஓடிய கட்டளையின் எண் அதில் தெரியாது. செட்லோக்கல் எனேபிள்டிலேட்எக்ஸ்பேன்ஷன் போட்டு !எர்ரர்லெவல்! என்று எழுத வேண்டும். அப்புறம், செட் எர்ரர்லெவல்=0 என்று எப்போதும் எழுதாதீர்கள். அந்தப் பெயரில் ஒரு சாதாரண வேரியபிள் உருவாகி, உண்மையான எண்ணை மறைத்துவிடும். அதன்பின் எது தோற்றாலும் 0தான்.

ஒரு பேட்ச் ஃபைலிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடும்போது முன்னால் கால் என்ற கட்டளையைப் போடுங்கள். போடாவிட்டால் அங்கே போன ஓட்டம் திரும்பி வராது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் விண்டோஸில் அப்படிப்பட்ட ஃபைல்தான் என்பது பலருக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எழுதிய வரிகள் ஏன் ஓடவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

6. பவர்ஷெல்

$எர்ரர்ஆக்ஷன்ப்ரெஃபரன்ஸ் = 'ஸ்டாப்' என்று தலையில் போடுங்கள். இது பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளைகளுக்கு மட்டும்தான். கிட், பைதான், ரோபோகாப்பி போன்ற வெளிப் புரோகிராம்களுக்கு 5.1இல் இது பொருந்தாது. அவை ஒவ்வொன்றுக்கும் அடுத்த வரியில் $லாஸ்ட்எக்ஸிட்கோடைப் பார்த்து, 0 இல்லையென்றால் எக்ஸிட் $லாஸ்ட்எக்ஸிட்கோட் எழுத வேண்டும். 7.4இலிருந்து $பிஎஸ்நேட்டிவ்கமாண்ட்யூஸ்எர்ரர்ஆக்ஷன்ப்ரெஃபரன்ஸ் என்ற நீளப் பெயருள்ள அமைப்பை $ட்ரூ ஆக்கினால் வெளிப் புரோகிராம்களின் தோல்வியும் அதே வழியில் நிற்கும். ரோபோகாப்பி இருக்கும் இடத்தில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெற்றியிலும் நின்றுவிடும்.

இதில் எனக்கு ஒரு முழு நாளைத் தின்ற இடம் வேறு. ஸ்கிரிப்டை -கமாண்ட் என்று கொடுத்து ஓட்டினால், உள்ளே எக்ஸிட் 12 எழுதியிருந்தாலும் வெளியே 1தான் வரும். -ஃபைல் என்று கொடுத்தால் 12 அப்படியே வரும். டாஸ்க் ஷெட்யூலரில் ஏற்கெனவே இருக்கும் வேலைகளைத் திறந்து, எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

$லாஸ்ட்எக்ஸிட்கோட் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பவர்ஷெல்லின் சொந்தக் கட்டளைகள் அதை மாற்றாது. பத்து வரிக்கு முன் ஓடிய புரோகிராமின் எண்ணைப் பார்த்து இப்போதைய வரியைக் குறை சொல்லாதீர்கள்.

7. பைதான்: என்னை வீழ்த்திய வரி

நான் எழுதியது இது: சிஸ்.எக்ஸிட்(ஓஎஸ்.சிஸ்டம்(பேக்கப் கட்டளை)).

விண்டோஸில் ஓஎஸ்.சிஸ்டம் கட்டளையின் எண்ணையே தருகிறது. 1 என்றால் 1. லினக்ஸிலும் மேக்கிலும் அது தருவது வேறு: இயங்குதளத்தின் உள் குறிப்பை அப்படியே தருகிறது, அதில் எக்ஸிட் கோடு எட்டு பிட் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கும். 1 என்பது 256 ஆக வரும். அந்த 256ஐ சிஸ்.எக்ஸிட்டிடம் கொடுத்தால், 3ஆம் படியில் சொன்ன 8 பிட் எல்லையில் அது 0. எந்த எண்ணில் தோற்றாலும் வெளியே 0தான்.

சப்ப்ராசஸ்.ரன் பயன்படுத்துங்கள், செக்=ட்ரூ சேர்த்து. தோற்றால் எக்ஸப்ஷன் வரும். யாரும் பிடிக்காவிட்டால் பைதான் 1 என்று முடியும். எண்ணை அப்படியே கடத்த வேண்டுமானால் அதன் ரிட்டர்ன்கோடை எடுங்கள். சிக்னலில் செத்த புரோகிராமுக்கு லினக்ஸில் அது -9 போல மைனஸில் வரும். அதை நேரடியாக வெளியே அனுப்பாமல் உங்கள் அட்டவணை எண் ஒன்றாக மாற்றுங்கள்.

சிஸ்.எக்ஸிட்டுக்குள் ஒரு வாக்கியம் கொடுத்தால், அதை எர்ரர் பக்கம் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீடு) அச்சிட்டுவிட்டு 1 தரும். சிறு ஸ்கிரிப்டுகளுக்கு இது வசதி. ஒன்றும் கொடுக்காவிட்டால் 0. பிழையைப் பிடிக்கும் எக்ஸப்ட் பகுதிக்குள் வெறும் சிஸ்.எக்ஸிட்() எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். நான் தேடியபோது என் பழைய ஃபைல்களில் நான்கு கிடைத்தன.

8. கூப்பிடுபவர் எண்ணைக் கேட்கிறாரா?

க்ரான் எக்ஸிட் கோடைப் பொருட்படுத்தாது. ஸ்கிரிப்ட் ஏதாவது அச்சிட்டால் மெயில் அனுப்பும், அதுவும் சர்வரில் மெயில் அமைத்திருந்தால். க்ரானின் பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், மிகச் சிறியது. கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் அங்கே 127 தருவது இதனால்தான். முடிந்தால் லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமருக்கு மாறுங்கள். ஆன்ஃபெயிலியர் என்ற வரியில் தோற்றால் எது ஓட வேண்டும் என்று சொல்லலாம். சக்ஸஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=24 என்று எழுதினால் ஆர்சிங்கின் 24ஐயும் வெற்றியாக எடுத்துக்கொள்ளும்.

டாஸ்க் ஷெட்யூலரில் "லாஸ்ட் ரன் ரிசல்ட்" என்ற பத்தியைப் பாருங்கள். 0எக்ஸ்0 வெற்றி, 0எக்ஸ்1 பெரும்பாலும் உங்கள் ஸ்கிரிப்ட் தந்த 1. 0எக்ஸ்41301 என்றால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, 0எக்ஸ்41303 என்றால் இதுவரை ஓடவே இல்லை. கடைசி இரண்டையும் பிழை என்று எண்ணிக் குழம்ப வேண்டாம்.

கிட்ஹப் ஆக்ஷன்ஸில் லினக்ஸ் இயந்திரத்தில் ஷெல் எதுவும் குறிப்பிடாவிட்டால் பேஷ் -ஈ மட்டும்தான் ஓடும், பைப்ஃபெயில் கிடையாது. ஷெல்: பேஷ் என்று வெளிப்படையாக எழுதினால் பைப்ஃபெயிலும் சேர்ந்து வரும். ஒரே ஷெல்தான், எழுதுவதா விடுவதா என்பதில் நடத்தை மாறுகிறது. எழுதிவிடுங்கள். விண்டோஸ் இயந்திரத்தில் பவர்ஷெல் ஓடும். படியின் முடிவில் $லாஸ்ட்எக்ஸிட்கோடையே முடிவாக எடுத்துக்கொள்ளும். ரோபோகாப்பி கடைசி வரியாக இருந்தால் ஒழுங்காக நகலெடுத்த பிறகும் சிவப்புதான் வரும். எண் 8க்குக் கீழே இருந்தால் எக்ஸிட் 0 என்று முடியுங்கள்.

9. வேண்டுமென்றே தோற்கடியுங்கள்

லேப்டாப்பில் பார்த்தாயிற்றே என்று விடாதீர்கள், நான் விட்டது அதைத்தான். ஸ்கிரிப்ட் உண்மையில் ஓடப்போகும் இயந்திரத்தில், உண்மையில் கூப்பிடப்போகும் வழியில் சோதியுங்கள். தப்பான பாஸ்வேர்டு கொடுங்கள். உள்ளே கூப்பிடும் கருவியின் பெயரை ஒரு எழுத்து மாற்றி 127 வருகிறதா பாருங்கள். நடுவில் கண்ட்ரோல்-சி அடியுங்கள். டிஸ்க் நிரம்பியதைச் சோதிக்க லினக்ஸில் /டெவ்/ஃபுல் என்ற ஃபைல் இருக்கிறது. அதில் எழுதும் எதுவும் இடமில்லை என்று தோற்கும். பேக்கப்பின் வெளியீட்டை அங்கே திருப்பிவிட்டால் என் மூன்று வாரத்தை நீங்கள் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். மேக்கிலும் விண்டோஸிலும் அது இல்லை. ஒரு சிறிய பென்டிரைவை நிரப்பி வைத்துக்கொண்டு அதில் எழுதச் சொல்லுங்கள்.

தோற்கும்போது ஒரு வரிச் செய்தியும் எர்ரர் பக்கம் போக வேண்டும்: தேதி, ஸ்கிரிப்ட் பெயர், எந்தப் படி, என்ன எண். பேஷில் எக்கோ வரியின் முடிவில் >&2 போட்டால் போதும்.

ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றால் எந்த எண்ணும் வராது என்பதையும் மறக்காதீர்கள். அதற்காக, முழு வெற்றிக்குப் பிறகு கடைசி வரியில் ஒரு சிறு ஃபைலில் அன்றைய தேதியை எழுத வைத்திருக்கிறேன். வேறொரு இயந்திரம் தினமும் காலை 8 மணிக்கு அந்தத் தேதியைப் பார்க்கிறது. 26 மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் என் போன் ஒலிக்கும்.